டிவி, பழைய ஆம்ப், ரெக்கார்ட் ப்ளேயர், சப்: எதை எதுல சொருகறது? கேபிள் வாங்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க

மொட்டைமாடி:

வணக்கம் மக்களே. வீட்ல இருக்கற சாமான் எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து நிம்மதியா பாட்டு கேட்கலாம்னு உட்கார்ந்தேன், ஒவ்வொண்ணோட பின்பக்கத்தையும் பாத்தா தலை சுத்துது. இருக்கறத சொல்லிடறேன். ஸ்டீரியோ ஆம்ப் ஒண்ணு, பழசு ஆனா நல்லா பாடும், பின்னாடி போனோ, சிடி, டியூனர், டேப்னு எழுதின சிவப்பு வெள்ளை ஆர்சிஏ சாக்கெட் மட்டும்தான், டிஜிட்டல்னு ஒண்ணுமே கிடையாது. டிவி புதுசு, எச்டிஎம்ஐ மூணு இருக்கு, அதுல ஒண்ணுக்குப் பக்கத்துல ஈ-ஆர்க்னு போட்டிருக்கு, ஒரு ஆப்டிகல், ஹெட்ஃபோன் ஓட்டை கூட இல்ல. அப்புறம் ரெக்கார்ட் ப்ளேயர், கரண்ட்ல ஓடற சப்வூஃபர் (சப், அடி பேஸுக்கான ஸ்பீக்கர்), லேப்டாப். ஸ்பீக்கர் ரெண்டும் 8 ஓம். ஒண்ணு ஆம்புக்குப் பக்கத்துலயே, 3 மீட்டர் ஒயர் போதும். இன்னொண்ணுக்கு கதவைச் சுத்திக் கொண்டு வரணும், 12 மீட்டர் ஆகும்.

கடையில விசாரிச்சா விரல் தண்டிக்கு ஒரு ஒயரையும் தங்க முலாம் போட்ட பின்னையும் காட்டி இது இல்லாம சவுண்டே வராதுங்கற மாதிரி பேசறாங்க. எதுக்குக் காசு போடணும், எதுக்கு வேணாம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கம்பிக்காரன்:

கேபிளை கொஞ்சம் தள்ளி வைங்க. முதல்ல ஒவ்வொரு சாக்கெட்லயும் என்ன வெளிய வருது, எதுர்ல இருக்கற சாக்கெட் எதை எதிர்பாக்குதுன்னு பாருங்க, பாதிப் பிரச்சனை அங்கயே தீர்ந்துரும். பின் ஒரே மாதிரி இருக்கறதால உள்ள ஓடறதும் ஒண்ணுதான்னு நினைச்சுரக் கூடாது. ஆர்சிஏவையே எடுத்துக்கங்க, ரெக்கார்ட் ப்ளேயர்ல இருந்து வர்றதும் அதே பின், சிடி ப்ளேயரும் அதே பின், டிஜிட்டல் கோஆக்சியலும் அதே பின், சப்வூஃபருக்குப் போறதும் அதே பின்தான். ஆனா ரெக்கார்ட் முள்ளுல இருந்து வர்றது சாதாரணமா 3 லேர்ந்து 5 மில்லிவோல்ட், சிடி ப்ளேயர் உச்சத்துல 2 வோல்ட் குடுக்கும், ஏறக்குறைய 500 மடங்கு. அதுக்கு அடுத்தது ஆம்போட ஸ்பீக்கர் முனை, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் போகும்போது அங்க 20 வோல்ட் நிக்கும்.

அதனால போனோ லெவல் (ரெக்கார்ட் முள்ளுல இருந்து வர்றது), லைன் லெவல் (சிடி ப்ளேயர் மாதிரி), ஸ்பீக்கர் லெவல், டிஜிட்டல், இந்த நாலுல எது எதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு, ஒரே லெவல் இருக்கற ரெண்டை மட்டும் கோடு போட்டு சேருங்க. லெவல் வேறயா இருந்தா நடுவுல ஒரு பெட்டி வேணும், கேபிளால அந்த வேலையைச் செய்ய முடியாது. ஸ்பீக்கர் முனையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் லைன் இன்புட்ல குடுத்துராதீங்க, அந்தப் பக்கம் இருக்கற சாதனம் போயிரும்.

மொட்டைமாடி:

சூப்பர் அண்ணே, இப்படி யாரும் சொல்லல. அப்போ டிவியில இருந்து வர்றது டிஜிட்டல், ஆம்ப் கேக்கறது லைன். நடுவுல டேக், அதாவது டிஜிட்டலை லைன் சிக்னலா மாத்தற பெட்டி வேணும், சரியா?

கம்பிக்காரன்:

சரியே. ஆப்டிகல் இன்புட் இருக்கற ஒரு சின்ன டேக் வாங்குங்க. டிவியில இருந்து ஆப்டிகல், டேக்ல இருந்து சிவப்பு வெள்ளை ஆர்சிஏ, ஆம்ப்ல சிடி அல்லது டியூனர்னு போட்ட எதுல வேணா சொருகலாம், எல்லாமே லைன்தான், பேர்தான் வேற. போனோல மட்டும் வேணாம், ஒலி உடைஞ்சு காது கிழியும்.

முக்கியமான விஷயம், டிவி மெனுவுக்குள்ள போயி டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்ங்கற இடத்துல பிசிஎம்னு (சுருக்காத சாதா டிஜிட்டல் ஆடியோ) மாத்தணும். அது ஆட்டோன்னோ பிட்ஸ்ட்ரீம்னோ இருந்தா படம் ஓடும்போது டிவி டால்பி டிஜிட்டலை (சுருக்கி வெச்ச சரவுண்ட் ஆடியோ) அப்படியே தள்ளி விடும், ஸ்டீரியோ டேக்குக்கு அதைப் பிரிக்கத் தெரியாது, ஒண்ணு சத்தமே வராது இல்லன்னா கரகரன்னு இரைச்சல் வரும். கொடுமை என்னன்னா செய்தி சேனல்ல நல்லா வரும், படம் போட்டா மட்டும் வராது, உடனே டேக் பழுதுன்னு திருப்பிக் குடுத்துருவாங்க. எத்தனை பேர் நல்ல டேக்கைத் திருப்பிக் குடுத்திருப்பாங்களோ தெரியல.

ஒளியிழை:

ஆப்டிகல்ல இன்னும் ரெண்டு மூணு சேர்த்துக்கங்க. இந்த டாஸ்லிங்க் 1983ல தோஷிபா கொண்டு வந்தது, உள்ள பிளாஸ்டிக் இழைல சிவப்பு வெளிச்சம் போகுது அவ்வளவுதான், மின்சாரம் போகறதே இல்ல. அதனால தங்க முலாம் போட்ட ஆப்டிகல் கேபிள்னு ஒண்ணைக் காட்டினா வேணாம்னுடுங்க, வெளிச்சத்துக்குத் தங்கம் எதுக்கு. 5 மீட்டருக்குள்ள இருந்தா சாதாரண கேபிளே போதும். ஆனா கூர்மையா மடக்கக் கூடாது, சுவத்தோட ஒட்டி டிவி மாட்டினவங்க வீட்ல பின்னாடி இடிச்சு மடங்கி இழை விரிசல் விட்டிருக்கும், அப்பப்ப சத்தம் விட்டு விட்டு வரும். ரெண்டு முனையிலயும் கண்ணாடி மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழட்டாமலே அழுத்தித் திணிச்சா சாக்கெட் கதவு உடையும். டிவியை ஆன் பண்ணிட்டு ஒரு முனையை உள்ளங்கைக்கு நேரா காட்டுங்க, சிவப்பா புள்ளி விழுந்தா கேபிள் உயிரோட இருக்கு.

இதுல குறை என்னன்னா டிவி ரிமோட்ல வால்யூம் மாத்தினா பெரும்பாலும் ஆப்டிகல்ல மாறாது, ஆம்ப்ல போயிதான் திருகணும். அது தொல்லைன்னா எச்டிஎம்ஐ ஆர்க் (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ வழியாவே வெளிய எடுக்கற வசதி) இன்புட் வெச்ச டேக் கிடைக்குது, வால்யூம் கன்ட்ரோல் அதுலயே இருக்கற மாடலாப் பாத்து எடுத்து டிவியில ஈ-ஆர்க்னு போட்ட சாக்கெட்ல மாட்டினா டிவி ரிமோட்டுக்கே வால்யூம் ஏறி இறங்கும், டிவி அணைஞ்சா அதுவும் அணையும். டிவி மெனுல சிஇசியை (டிவி ரிமோட் எச்டிஎம்ஐ வழியா மத்த சாதனத்தையும் இயக்கற வசதி) ஆன் பண்ணி வைக்கணும், ஒவ்வொரு டிவி கம்பெனியும் அதுக்கு வேற வேற பேர் வெச்சிருக்கும்.

சோபாவாசி:

நடுவுல புகுந்துட்டேன், மன்னிக்கவும், எனக்கும் இதே ஆர்க் தலைவலிதான். சவுண்ட்பார் வாங்கி எச்டிஎம்ஐல மாட்டினேன், டிவி அதைக் கண்டுக்கவே மாட்டேங்குது. ஆட்மாஸ் (தலைக்கு மேல இருந்தும் வர்ற மாதிரி சரவுண்ட் சத்தம்) வரும்னு சொன்னாங்க, இங்க சாதா சத்தத்துக்கே வழியில்ல. கேபிள் மாத்தணுமா?

ஒளியிழை:

சவுண்ட்பார் பின்னாடி எத்தனை எச்டிஎம்ஐ சாக்கெட் இருக்கு? ரெண்டு இருந்தா ஒண்ணு இன், ஒண்ணு அவுட். டிவியில இருந்து வர்ற கேபிள் சவுண்ட்பாரோட அவுட்லதான் போகணும், அதுக்குப் பக்கத்துல டிவின்னோ ஆர்க்னோ எழுதியிருக்கும். சத்தம் உள்ள வரணும்னா இன்லதானே மாட்டணும்னு எல்லாருக்கும் தோணும், ஆனா ஆர்க்ங்கறது படம் போற கேபிள்லயே சத்தம் எதிர்த்திசைல திரும்பி வர்ற ஏற்பாடு, அதனால அவுட்தான் சரி. டிவி பக்கமும் எல்லா எச்டிஎம்ஐலயும் இது வராது, அந்தக் குறி போட்ட ஒண்ணுல மட்டும்தான்.

சோபாவாசி:

அட, ஆமாங்க! இன்ல இருந்ததை அவுட்ல மாத்தினேன், உடனே டிவி சவுண்ட்பார் பேரைக் காட்டிருச்சு. ரொம்ப நன்றி. அப்போ ஆட்மாஸுக்கு?

ஒளியிழை:

ஆர்க் 2009ல எச்டிஎம்ஐ 1.4 கூட வந்தது. ஸ்டீரியோ பிசிஎம், டால்பி டிஜிட்டல் எல்லாம் போகும், டால்பி டிஜிட்டல் பிளஸும் நிறைய டிவில போகும், ஓடிடி ஆப்ல வர்ற ஆட்மாஸ் அந்த பிளஸ்ல ஏறித்தான் வருது. அதனால டிவிக்குள்ள இருக்கற ஆப்ல மட்டும் பாக்கறவங்களுக்கு வெறும் ஆர்க்லயே ஆட்மாஸ் கிடைக்க வாய்ப்பு உண்டு. டிவி மெனுல இங்க பிசிஎம்ல இருக்கக் கூடாது, பாஸ்த்ரூ அல்லது ஆட்டோ, மொட்டைமாடிக்குச் சொன்னதுக்கு நேர் எதிர், குழப்பிக்காதீங்க.

ப்ளூரே தட்டுல இருக்கற ட்ரூஎச்டி, டிடிஎஸ் மாஸ்டர் மாதிரி முழு அளவு ஆடியோ வேணும்னா ஈ-ஆர்க் கட்டாயம், அது 2017ல எச்டிஎம்ஐ 2.1ல சேர்த்தது, 37 மெகாபிட் வரைக்கும் தாங்கும். ரெண்டு பக்கமும் ஈ-ஆர்க் இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் இருந்து பிரயோஜனம் இல்ல. உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம்னு போறதைத் தானா சரி பண்ற வசதியும் இதுல கட்டாயமா உண்டு. கேபிளுக்கு வந்தா, அல்ட்ரா ஹை ஸ்பீடுன்னு அட்டையில ஸ்கேன் பண்ற சான்று ஸ்டிக்கரோட இருக்கறது எடுத்தா 48 ஜிகாபிட் வரைக்கும் கவலை இல்ல. ஏற்கனவே வீட்ல ஈதர்நெட் வசதியோட ஹை ஸ்பீடு கேபிள் இருந்தா அதுவே ஈ-ஆர்க்குக்குப் போதும், முதல்ல அதை மாட்டிப் பாருங்க. டிடிஎஸ் மட்டும் சில டிவிகள் கடத்தாது, அதுக்கு ப்ளேயரை நேரா சவுண்ட்பாரோட இன்ல மாட்டறதுதான் வழி.

முள்ளும்_மலரிசையும்:

மொட்டைமாடி, ரெக்கார்ட் ப்ளேயரை யாரும் கவனிக்கல, அது என் ஏரியா. ப்ளேயர் பின்னாடி போனோ / லைன்னு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. இருந்தா உள்ளயே ப்ரீஆம்ப் (சின்ன சிக்னலை லைன் லெவலுக்கு ஏத்தறது) இருக்குன்னு அர்த்தம். சுவிட்சை லைன்ல வெச்சா ஆம்ப்ல டேப், டியூனர் எதுல வேணா போடலாம். போனோல வெச்சா ஆம்பில் இருக்கற போனோ சாக்கெட்ல மட்டும்தான் போடணும். சுவிட்ச் லைன், சாக்கெட் போனோன்னு ரெண்டும் சேர்ந்தா ப்ரீஆம்ப் ரெண்டு தடவை ஏறி ஒரே கூச்சல். மாறா போனோ சிக்னலை லைன்ல குடுத்தா கொசு பாடற மாதிரி மெலிசா வரும், பேஸ் சுத்தமா இருக்காது. வெறும் லெவல் கம்மிங்கறது மட்டும் இல்ல காரணம், ரெக்கார்ட் வெட்டும்போதே பேஸைக் குறைச்சு ட்ரெபிளை ஏத்தித்தான் வெட்டறாங்க, இடம் மிச்சமாகும், முள் இரைச்சலும் குறையும், அதைத் திருப்பிச் சமன் பண்றது போனோ ப்ரீஆம்ப் வேலை. 1954ல ஆர்ஐஏஏ வளைவுன்னு இது பொதுவாச்சு.

ப்ளேயர்ல இருந்து சிவப்பு வெள்ளை கூடவே ஒரு ஒல்லி ஒயர் முனையில இரும்பு கொக்கியோட தொங்குச்சுன்னா அது எர்த். ஆம்ப் பின்னாடி ஜிஎன்டின்னு ஒரு திருகு இருக்கும், அதுல மாட்டுங்க. இதை விட்டுட்டுத்தான் பாதிப் பேர் ம்ம்ம்னு ஒரு இரைச்சலோட வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்காங்க.

நிஜமா கேபிள் சவுண்டை மாத்தற ஒரு இடம் இதுதான்னு நான் சொல்வேன். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு (முள் இருக்கற பாகம், காந்தம் அசையற வகை) கேபிளோட கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கற தன்மை) ரொம்ப முக்கியம், நீளமான கேபிள் போட்டா கெப்பாசிட்டன்ஸ் ஏறி ட்ரெபிள் ஒரு இடத்துல எகிறி அதுக்கு மேல விழுந்துரும். அதனால ப்ளேயர் ஆம்புக்குப் பக்கத்துல இருக்கட்டும், ஒரு மீட்டர் ஒண்ணரை மீட்டரோட நிறுத்துங்க.

வெள்ளிநாதம்:

எல்லாரும் கேபிள்ல ஒண்ணும் இல்லைங்கற மாதிரியே பேசறீங்க. நான் ஸ்பீக்கர் ஒயரை நல்ல கனமான உயர்ரகத்துக்கு மாத்தினப்ப பேஸ் இறுகினது காதுக்கே தெரிஞ்சுது. கேட்டுப் பாக்காம எண்ணை வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க.

எட்டு_ஓம்:

வெள்ளிநாதம் சார், நீங்க கேட்டதை நான் பொய்ங்கல. முன்னாடி இருந்த ஒயர் ஒல்லியா நீளமா இருந்திருந்தா மாத்தினதும் வித்தியாசம் நிஜமாவே வந்திருக்கும், அது எண்ணுலயும் தெரியும். கணக்கைப் போட்டுக் காட்டறேன், மொட்டைமாடிக்கும் வேலைக்கு ஆகும்.

செம்பு ஒயர்ல 1.5 சதுர மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மீட்டருக்கு 0.0115 ஓம். கரண்ட் போயிட்டுத் திரும்பி வரணும், அதனால ரெண்டால பெருக்கினா மீட்டருக்கு 0.023. ஒயரோட மொத்தத் தடை ஸ்பீக்கர் ஓம்ல நூத்துக்கு அஞ்சைத் தாண்டக் கூடாதுங்கறது பல பேர் வெச்சிருக்கற வரம்பு. 8 ஓமுக்கு அது 0.4 ஓம், அதாவது 17 மீட்டர் வரைக்கும் 1.5 போதும். 4 ஓம் ஸ்பீக்கரா இருந்தா தூரம் பாதியாயிரும், 8 மீட்டர் சொச்சம். மொட்டைமாடிக்கு 8 ஓம், 12 மீட்டர், 1.5 வரம்புக்குள்ளதான் இருக்கு, 2.5 போட்டா நிம்மதி, விரல் தண்டி ஒயருக்கு அவசியமே இல்ல. கேஜ் கணக்குல விக்கறாங்கன்னா 16 கேஜ் ஏறக்குறைய 1.3, 14 கேஜ் ஏறக்குறைய 2.1, நம்பர் குறையக் குறைய ஒயர் தடிமன்.

ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நீளம் வேணும்னு சொல்வாங்க, அதுக்காக இந்தப் பக்கம் 9 மீட்டர் ஒயரைச் சுருட்டி வைக்காதீங்க. 2.5 ஒயர்ல 3 மீட்டருக்கும் 12 மீட்டருக்கும் சத்தத்துல வர்ற வித்தியாசம் 0.13 டெசிபல், பேலன்ஸ் குமிழைத் தொட்டாலே அதைவிட அதிகம் மாறும். நேர வித்தியாசம் இருக்கேன்னா, அந்த 9 மீட்டரைக் கரண்ட் கடக்கற நேரத்துல ஒலி காத்துல ஒரு தலைமுடி கனம் கூட நகர்ந்திருக்காது.

வெள்ளிநாதம்:

கணக்கு சரி. என் பழைய ஒயர் உண்மையிலயே நூல் மாதிரிதான் இருந்துச்சு, ஸ்பீக்கர் கூட இலவசமா வந்தது. ஆனா அதே கனத்துல நல்ல ஒயருக்கும் சாதா ஒயருக்கும் வித்தியாசமே இல்லைங்கறதை என்னால ஏத்துக்க முடியல.

எட்டு_ஓம்:

அதே கனம், ரெண்டும் சுத்த செம்பு, முனை ரெண்டும் இறுக்கமா இருக்குன்னா, எது ஓடுதுன்னு தெரியாம இன்னொருத்தர் மாத்தி மாத்திப் போட நீங்க கேட்டுப் பாருங்க. வால்யூம் ரெண்டுக்கும் மீட்டர் வெச்சு ஒண்ணாக்கிட்டு, ஏன்னா அரை டெசிபல் கூட இருந்தாலே நம்ம காது அதை நல்ல சவுண்டுன்னு சொல்லிரும். அப்பவும் பிரிச்சுச் சொன்னீங்கன்னா இங்க வந்து எழுதுங்க, நான் மனசாரக் கேட்டுக்கறேன்.

ஆனா ஒயர்ல ஏமாத்து இருக்கு, அது வேற இடத்துல. சிசிஏன்னு ஒண்ணு, உள்ள அலுமினியம் மேல செம்புப் பூச்சு. அதே கனத்துக்குத் தடை ஒண்ணரை மடங்கு பக்கம் வரும், வளைச்சா சீக்கிரம் ஒடியும். கையில தூக்கினாலே இலேசா இருக்கும். ஒரு இழையைப் பிளேடால சுரண்டுங்க, செம்பு நிறம் உரிஞ்சு வெள்ளையா தெரிஞ்சா அதுதான். டப்பா மேல தங்க முலாமா, என்ன கம்பெனின்னு பாக்கறதைவிட இதைப் பாருங்க. தங்கப் பூச்சுக்கு ஒரே வேலை, துரு பிடிக்காம இருக்கறது, ஈரக்காத்து அடிக்கற இடத்துல அது நல்லதுதான், ஆனா சவுண்டைக் கூட்டாது.

சால்டர்_சரவெடி:

முனையைப் பத்தி ஒரு வார்த்தை. இழையெல்லாம் நல்லா முறுக்கி உள்ள விடுங்க, சிவப்பு முனையில இருந்து ஒரே ஒரு இழை நீட்டிக்கிட்டு கருப்பு முனையைத் தொட்டாலும் ஷார்ட், ஆம்ப் ப்ரொடெக்ஷன்ல போயி கட்டாகும், பழைய ஆம்ப்ல அந்த வசதியும் இல்லன்னா ட்ரான்சிஸ்டரே போயிரும். அதுக்குத்தான் பனானா ப்ளக் (ஒயர் முனையில மாட்டற பின்) போடச் சொல்றது, சவுண்டுக்காக இல்ல. ஒயர் மாட்டும்போது ஆம்ப் ஆஃப்ல இருக்கணும்.

சிவப்பு சிவப்புக்கு, கருப்பு கருப்புக்கு, ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே மாதிரி. ஒண்ணுல மட்டும் தலைகீழா மாட்டினா ஒரு கோன் வெளிய வரும்போது இன்னொண்ணு உள்ள போகும், பேஸ் காணாம போயிரும், பாடறவர் நடுவுல நிக்காம எங்கயோ மிதப்பார். ஒயர்ல நிறமே இல்லன்னா ஒரு பக்கம் மெல்லிசா ஒரு கோடோ மேடோ ஓடும், விரலால தடவினா தெரியும். அப்பவும் சந்தேகம்னா ஆம்ப்ல இருந்து ஒயரைக் கழட்டிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒயர் முனையில ஒரு கணம் தொட்டுப் பாருங்க, பேட்டரி பிளஸ் பக்கம் சிவப்புல இருந்தா வூஃபர் வெளியத் தள்ளும்.

பாட்டுப்பித்து:

எனக்கு ஒரு விசித்திரமான பிரச்சனை, இங்க கேக்கலாமான்னு தெரியல. லேப்டாப் ஹெட்ஃபோன் சாக்கெட்ல இருந்து ஆக்டிவ் மானிட்டர் ஸ்பீக்கருக்கு (ஆம்ப் உள்ளயே இருக்கற ஸ்பீக்கர்) எக்ஸ்எல்ஆர் கேபிள் போட்டிருக்கேன், ஒரு முனை 3.5 எம்எம், ஒரு முனை எக்ஸ்எல்ஆர். பாட்டுல வயலின், கிடார் எல்லாம் வருது, பாடகர் குரல் மட்டும் இல்ல! பேஸ் டிரம்மும் இல்ல. யூட்யூப்ல பேச்சு போட்டா கிட்டத்தட்ட அமைதி. ஸ்பீக்கர் பழுதா?

கம்பிக்காரன்:

ஸ்பீக்கர் நல்லா இருக்கு, கேபிள்தான் தப்பு, தப்பு எங்கன்னு அந்தக் குரலே சொல்லுது பாருங்க. எக்ஸ்எல்ஆர்ல மூணு பின், 1 எர்த், 2ல சிக்னல், 3ல அதே சிக்னல் தலைகீழா. ஸ்பீக்கர் 2ல இருந்து 3ஐக் கழிச்சுப் பாக்கும், வழியில ரெண்டு கம்பியிலயும் ஒண்ணா ஏறின இரைச்சல் கழிஞ்சு போகும், சிக்னல் மிஞ்சும், அதனாலதான் ஸ்டூடியோ ஆளுங்க நீளமான தூரத்துக்கு அதை நம்பறாங்க. ஆனா லேப்டாப் சாக்கெட்ல இருக்கறது இடது வலதுன்னு ரெண்டு சேனல். உங்க கேபிள் இடதை 2லயும் வலதை 3லயும் குடுக்குது, ஸ்பீக்கர் இடதுல இருந்து வலதைக் கழிச்சுருது. குரலும் பேஸும் ரெண்டு சேனல்லயும் சமமா பதிவாகியிருக்கும், அதனால கழிஞ்சு பூஜ்யம். ஓரத்துல இருக்கற கருவிங்க மட்டும் தப்பிச்சு வருது.

3.5 எம்எம் ஸ்டீரியோல இருந்து ரெண்டா பிரிஞ்சு ரெண்டு தனி மோனோ முனை வர்ற கேபிள் வாங்கி, ஸ்பீக்கருக்கு ஒண்ணா மாட்டுங்க. ஹெட்ஃபோன் பின் முழுசா உள்ள போகாம எர்த் தொடாம நின்னாலும் இதே மாதிரி குரல் காணாம போகும், ஃபோன் கவர் தடிமனா இருக்கறவங்க கவனிங்க.

பாட்டுப்பித்து:

அண்ணே கை குடுங்க! பிரிஞ்ச கேபிள் ஒண்ணு வீட்லயே கிடந்துச்சு, குரல் வந்துருச்சு.

மொட்டைமாடி:

நானும் வந்துட்டேன். டேக், ஆப்டிகல், 2.5 ஒயர் வாங்கி மாட்டியாச்சு, இழையைச் சுரண்டிப் பாத்தேன், சுத்த செம்பு. டிவில பிசிஎம் மாத்தினதும் படம் நல்லா பேசுது. ரெக்கார்ட் ப்ளேயர் போனோல, எர்த் மாட்டியாச்சு. இப்போ ரெண்டு சந்தேகம். லேப்டாப்பை ஆம்ப்ல ஆர்சிஏல குடுத்தா ம்ம்ம்னு இரைச்சல், சார்ஜரைப் புடுங்கினா நின்னுருது. ஒருத்தர் சார்ஜர் ப்ளக்ல எர்த் பின்னை வெட்டிரு சரியாயிரும்னு சொல்றார், செய்யலாமா? ரெண்டாவது, ஆம்ப்ல சப் அவுட்னு ஒண்ணுமே இல்ல, சப்பை எங்க மாட்டறது?

சால்டர்_சரவெடி:

வெட்டாதீங்க, தயவு செஞ்சு வெட்டாதீங்க. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற வேலை அது. உள்ள ஏதாவது பழுதாகி பெட்டி மேல கரண்ட் ஏறினா உங்களைக் காப்பாத்தறது அந்த ஒரு பின்தான்.

இது கிரவுண்ட் லூப். லேப்டாப் சார்ஜர் வழியா ஒரு எர்த், ஆம்ப் பக்கம் ஒரு எர்த், நடுவுல ஆர்சிஏ கேபிளோட வெளிக்கூடு ரெண்டையும் சேர்த்து ஒரு வளையம் ஆக்கிருச்சு, அதுல மெயின்ஸோட 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் சுத்துது. ஆம்புக்கு ரெண்டு பின் ப்ளக்தானேன்னு பாத்தாலும் அதோட சேர்ந்த வேற ஏதாவது சாதனம் வழியா எர்த் வந்திருக்கலாம், ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தா ஆள் மாட்டுவான். முதல்ல எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல போட்டுப் பாருங்க. நிக்கலன்னா ஆர்சிஏ வழியில ஒரு ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர், குட்டிப் பெட்டிதான், மாட்டினா லூப் அறுந்துரும். ரொம்ப மட்டமானது எடுத்தா அடி பேஸ் கொஞ்சம் போயிரும், பாத்து எடுங்க. லேப்டாப்ல ஆப்டிகல் இருந்தா இன்னும் நல்லது, வெளிச்சத்துல எர்த் போகாது.

ஒளியிழை:

உங்க டேக்ல யூஎஸ்பி இன்புட் இருந்தா லேப்டாப்பை அதுலயும் மாட்டலாம், சாக்கெட் சதுரமாவோ டைப் சியாவோ இருக்கும். ஹெட்ஃபோன் சாக்கெட்டைவிட சுத்தமா வரும், ஆனா யூஎஸ்பில எர்த் ஒயரும் சேர்ந்தே போகுது, அந்த ம்ம்ம் இரைச்சல் போகும்னு உறுதியா சொல்ல முடியாது. சில ஏவிஆர்ல (சரவுண்ட் ஆம்ப்) முன்னாடி தட்டையா ஒரு யூஎஸ்பி இருக்கும், அது பென் டிரைவுக்கு மட்டும், லேப்டாப்பை அதுல மாட்டி ஒண்ணும் வராது.

கம்பிக்காரன்:

சப்புக்கு வர்றேன். சப் பின்னாடி ஹை லெவல் அல்லது ஸ்பீக்கர் லெவல் இன்புட்னு திருகு முனையோ அழுத்தி விடற முனையோ இருக்கான்னு பாருங்க. இருந்தா ஆம்போட ஸ்பீக்கர் முனையில இருந்தே இன்னொரு ஜோடி ஒயர் எடுத்து சப்புக்குக் குடுங்க, ஸ்பீக்கர் ஒயரும் அங்கயே இருக்கட்டும். சப்போட அந்த இன்புட் கரண்ட் எடுக்கறதே இல்லைங்கலாம், அதனால ஆம்புக்குப் பாரம் ஏறாது, ஒல்லி ஒயரே போதும். நான் முதல்ல ஸ்பீக்கர் லெவலை லைன்ல குடுக்காதீங்கன்னது அப்படியே நிக்குது, இது அதுக்குன்னே செஞ்ச முனை, பக்கத்துல இருக்கற ஆர்சிஏல மட்டும் போட்டுராதீங்க. உங்க ஆம்ப் ப்ரிட்ஜ் பண்ண வகையா (ஸ்பீக்கரோட ரெண்டு முனையையும் எதிரெதிரா ஓட்டறது) இருந்தா கருப்பு முனையே எர்த் கிடையாது, அந்த வகைக்கு சப்போட மேனுவல்ல தனியா படம் போட்டிருப்பாங்க, அதைப் பாக்காம மாட்டாதீங்க.

மாட்டினப்புறம் சப்போட க்ராஸ்ஓவர் குமிழை (எதுக்குக் கீழ இருக்கற ஒலியை சப் பாடணும்னு வைக்கறது) 80 ஹெர்ட்ஸ் பக்கம் வெச்சு, நீங்க உட்கார்ற இடத்துல இருந்து கேட்டுக்கிட்டே வேற ஒருத்தரை ஃபேஸ் சுவிட்சை 0, 180ன்னு மாத்தச் சொல்லுங்க. பேஸ் எதுல நிறைவா வருதோ அதுல விட்டுருங்க.

மொட்டைமாடி:

சப்ல ஹை லெவல் இருக்கு, நாலு முனை. ஒரே போர்டுல எல்லாத்தையும் போட்டதும் இரைச்சல் பாதியாச்சு, முழுசா போகல, ஐசொலேட்டருக்கு ஆர்டர் குடுத்துட்டேன். சப் ஃபேஸ் 180ல வெச்சாதான் நல்லா இருக்கு, அது ஏதாவது தப்பா மாட்டினதுக்கு அறிகுறியா?

கம்பிக்காரன்:

கட்டாயம் இல்ல. சப் எங்க இருக்கு, ஸ்பீக்கர் எங்க இருக்குங்கறதைப் பொறுத்து தூரம் மாறுது, அதனால 180 சரியா வர்றது சகஜம். சந்தேகம்னா சப்பை அணைச்சுட்டு ஸ்பீக்கர் ரெண்டை மட்டும் ஓட விட்டுப் பேச்சைக் கேளுங்க, குரல் நட்ட நடுவுல நின்னா ஒயர் சரி, 180லயே விடுங்க. நடுவுல நிக்கலன்னா அந்த 12 மீட்டர் ஒயரோட ரெண்டு முனையையும் பாருங்க, கதவைச் சுத்தி வரும்போது கோடு இருக்கற பக்கம் திரும்பியிருக்கும்.

மொட்டைமாடி:

குரல் நடுவுலதான் நிக்குது. 180லயே விட்டுட்டேன்.